மங்கம்மாளின் வசந்த மாளிகை



தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் என் நண்பர் ஒருவர் ஆசிரியராகப் பணியாற்றுகின்றார். ஒரு கோடையின் தொடக்கத்தில் அவர் தம் மாணவ மாணவியர் சிலரை மதுரைக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். "மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் மதுரைக்குப் போகிறவர் யாவரும் பார்க்கின்றனர். நாம் அவற்றோடு ஓர் அரசியின் வசந்த மாளிகையையும் பார்ப்போம்" என்று புறப்படும்போதே அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

அந்தச் சொல் போதாதா? சேலம் கடந்து, நாமக்கல் கடந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கரூர் வழியாகத் திண்டுக்கல் சேரும்வரை பேருந்தில் அதே பேச்சுத்தான். முத்துப் பந்தலும் பொன் ஊஞ்சலும் பளிங்குக் குளமும் அவர்கள் கற்பனையில் எழுந்தன. தந்தப் பல்லக்கு ஒன்று கட்டாயம் இருக்கும் என்று பந்தயம் கட்டியவனும் உண்டு.

மதுரையில் வைகையின் வடகரையில், நகரின் நெருக்கடிக்குச் சற்று அப்பால் இருக்கின்றது அந்த மாளிகை. தமுக்கம் என்பது அதன் பெயர். மேட்டின்மேல் நிற்கும் வெண்ணிறக் கட்டடம், வரிசையாக வளைவுகள், சுற்றிலும் மரங்கள். பிள்ளைகள் ஆவலோடு உள்ளே நுழைந்தனர். ஆனால், உள்ளே முத்துப் பந்தல் இல்லை; பல்லக்கும் இல்லை. சுவரெங்கும் இந்திய விடுதலைப் போராட்டத்தை விளக்கும் படங்கள். காந்தியடிகளின் வாழ்க்கையைக் காட்டும் நிழற்படங்கள். அவர் பயன்படுத்திய பொருள்கள். ஏனெனில் தமுக்கம் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்து மரநிழலில் அமர்ந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியரிடம், "ஐயா, இங்கே அரசியினுடையது எது?" என்று கேட்டாள்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நல்ல கேள்விதான், ஆனால் ஒரே சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று. அன்று மரநிழலில் நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல முயன்ற விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் மாளிகையையே எடுத்துக்கொள்வோம். தமுக்கம் என்னும் சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கூறுகின்றனர். யானைப்போர் முதலிய விளையாட்டுகளை அரசர் இருந்து காணும் இடம் என்பது ஒன்று. வேனிற்காலத்தில் தங்கும் மாளிகை என்பது மற்றொன்று. இரண்டும் இவ்விடத்திற்குப் பொருந்துவனவே. மாளிகைக்கு முன்னே பரந்த வெளி, அங்கே யானைகள் மோதும், வீரர்கள் பொருதுவர். மேட்டின்மேலுள்ள மண்டபத்திலிருந்து அரச குடும்பத்தார் அவற்றைக் கண்டு களிப்பர். அந்த வெளிதான் இன்று தமுக்கம் மைதானம் என்று வழங்குகின்றது.

வேனிலுக்கென்று தனி இருப்பிடம் அமைப்பது நாயக்கர் காலத்து வழக்கம். அரசருக்கு மட்டுமன்று, ஆண்டவனுக்கும் அவ்வாறே அமைத்தனர். மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே புதுமண்டபம் என்று ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். திருமலை நாயக்கர் அதனை இறைவனின் வசந்த விழாவுக்காகவே கட்டினார். வெம்மை தணிவதற்காக அதனைச் சுற்றி நீர் நிற்கும் அகழி போன்ற வாய்க்காலும் அமைத்திருந்தனர்.

மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டடத்தையே குளிர்ச்சிக் கருவியாக அமைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தரையை உயர்த்திக் கட்டினால் காற்று தடையின்றி வரும். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு சுவரைத் தடிப்பாக எழுப்பினால் பகல் வெப்பம் உள்ளே வந்து சேர நெடுநேரம் ஆகும். அதற்குள் மாலை வந்துவிடும். கூரையை வளைத்து உயர்த்தினால் சூடேறிய காற்று மேலே சென்று தங்கும். கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு வெம்மை தோன்றாது. வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்த செங்கல்லைத் தாங்குவதால் பெரிய உத்தரங்களுக்கும் தேவையில்லை. நாங்கள் சென்ற நாளில் வெளியே நல்ல வெயில். வளைவுகளின்கீழ் வந்து நின்றதும், பல்லக்கைக் காணாமல் ஏமாந்த அந்த மாணவன்கூட, "உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறதே!" என்றான். அரசியின் மாளிகை அவனுக்கு அளித்த முதற்பரிசு அது.

இம்மாளிகை ஏறத்தாழ 1670ஆம் ஆண்டில் எழுந்தது என்று அருங்காட்சியகத்தார் கூறுகின்றனர். அப்போது மதுரை நாட்டை ஆண்டவர் சொக்கநாத நாயக்கர். அவர் ஆட்சிக்காலம் 1659 முதல் 1682 வரை. மங்கம்மாள் அவருடைய தேவி. ஆகவே, கணவரின் ஆட்சிக்காலத்தில் எழுந்த மாளிகை இது. ஆயினும் மக்கள் இதனைச் சொக்கநாதர் மாளிகை என்று சொல்வதில்லை. மங்கம்மாள் மாளிகை என்றே சொல்கின்றனர். ஏன் என்பதைக் காண அவர் வரலாற்றை நாம் அறிய வேண்டும்.

மங்கம்மாள், சந்திரகிரியைச் சேர்ந்த தளபதி ஒருவரின் மகள். 1682இல் சொக்கநாதர் மறைந்தார். மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் இளம் வயதிலேயே பட்டத்துக்கு வந்து, 1689இல் அம்மை நோயால் இறந்தார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தார். பேரன் பிறந்தான், சில நாட்களில் மருமகளும் உயிர் நீத்தார். கணவரை இழந்து, மகனை இழந்து, மருமகளையும் இழந்த மங்கம்மாளின் கையில் மிஞ்சியவை இரண்டு: ஒரு பச்சைக் குழந்தை, ஒரு பெரிய நாடு.

குழந்தை விசயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் சூட்டி, அவன் பெயரால் நாட்டை ஆளும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். 1689 முதல் 1706 வரை அந்த ஆட்சி நடந்தது. அரசி என்று நாம் அழைக்கின்றோம். ஆனால் அவர் தமக்கென்று முடி சூடிக்கொண்டவர் அல்லர். பேரன் வளரும்வரை நாட்டைக் காத்துக்கொடுப்பதே தம் கடமை என்று கொண்டார்.

அந்தப் பதினேழு ஆண்டுகளும் எளியவை அல்ல. வடக்கே ஔரங்கசீப்பின் படைகள் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தன. அவற்றை எதிர்த்து நிற்கும் வலிமை மதுரைக்கு இல்லை என்பதை உணர்ந்த மங்கம்மாள், கப்பம் கட்டி நாட்டை அழிவினின்று விலக்கினார். தருமபுரியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும், கம்பைநல்லூர்ப் பிள்ளைகளின் முன்னோர் வாழ்ந்த பகுதியும், அக்காலத்தில் மைசூர் மன்னர் சிக்கதேவராயரின் வசமாயின. அந்த மன்னர் காவிரிக்குக் குறுக்கே அணை ஒன்று எழுப்ப, கீழ்நாட்டுக்கு நீர் வரவில்லை. அதுவரை தம்முள் பகைத்திருந்த மதுரையும் தஞ்சையும் ஒன்றுசேர்ந்து படை திரட்டின. ஆனால் படைகள் மோதுமுன் பெருவெள்ளம் வந்து அணையை உடைத்துவிட்டது என்று அக்காலப் பாதிரிமார் கடிதங்களால் அறிகின்றோம். நாங்கள் காலையில் கடந்துவந்த காவிரியின் கதை இது என்று சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

திருவிதாங்கூரோடும் தஞ்சையோடும் போர்கள் நிகழ்ந்தன. அவற்றில் மதுரைப் படை வென்றது. 1702இல் இராமநாதபுரத்துச் சேதுபதியோடு நடந்த போரில் தோற்றது. தளவாய் நரசப்பையர் களத்தில் வீழ்ந்தார். ஆகவே மங்கம்மாளின் புகழ் வெற்றிகளால் வந்த புகழ் அன்று.

அப்படியானால் எதனால் வந்தது?

தமுக்கத்திலிருந்து கிளம்பி வைகையைக் கடந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு வாருங்கள். பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டபம் இருக்கின்றது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மையும் அப்பனும் அங்கே ஊஞ்சலில் எழுந்தருள்வர். அதன் விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. மீனாட்சி திருமணக் காட்சியில், மணவிழாக் காண வந்தவர்களாக இருவரை ஓவியன் தீட்டியிருக்கின்றான். ஒருவர் மங்கம்மாள், மற்றவர் அவருடைய பேரன் விசயரங்க சொக்கநாதன்.

இந்த ஓவியத்தை ஆர அமரச் சிந்தியுங்கள். மதுரையின் பழங்கதைப்படி மீனாட்சி யார்? தந்தைக்குப் பின் நாட்டை ஆண்ட அரசி. பெண்ணொருத்தி முடிசூடி ஆண்ட நாடு என்பது மதுரைக்கு அதன் தெய்வமே தந்த நினைவு. அந்தத் தெய்வத்தின் திருமணத்திற்கு, நாட்டை ஆளும் இன்னொரு பெண், பேரனோடு வந்து நிற்கின்றார். ஒரு பெண் ஆளலாமா என்று ஐயுற்றவர் அக்காலத்திலும் இருந்திருப்பர். அவர்களுக்கு வாளால் விடை சொல்லவில்லை; வண்ணத்தால் விடை சொல்லப்பட்டது என்றே நான் கருதுகின்றேன். கலையை அரசி வளர்த்தார் என்பதோடு, கலை அரசிக்கு என்ன செய்தது என்பதையும் அந்த ஓவியம் காட்டுகின்றது.

இனிக் கோயிலை விட்டு வெளியே வாருங்கள். மதுரை இரயில் நிலையத்திற்கு அருகே மங்கம்மாள் சத்திரம் என்னும் பெயரைக் காணலாம். வழிப்போக்கரும் திருவிழாக் காண வருவோரும் தங்குவதற்கென்று எழுந்த அறச்சாலை அது. மதுரையிலிருந்து தெற்கே கன்னியாகுமரியை நோக்கி மரங்களடர்ந்த பழஞ்சாலை சென்றது. அதனை மங்கம்மாள் சாலை என்றே மக்கள் அழைத்தனர். சில இடங்களில் இன்றும் அப்பெயர் வழங்குகின்றது. காவிரியிலிருந்து திருச்சிராப்பள்ளி வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் உய்யக்கொண்டான் கால்வாயை அவர் பழுதுபார்த்தார்.

இவ்வறங்களுக்குக் காரணமாக ஒரு கதையை மக்கள் சொல்வர். ஒருநாள் அரசி ஏதோ நினைவாக இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயிலிட்டுக்கொண்டாராம். பின்பு தவற்றை உணர்ந்து, அதற்குக் கழுவாயாகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாராம். இது நடந்ததா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. ஆனால் கதையின் உட்பொருளைக் கவனியுங்கள். அவ்வளவு சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய கழுவாயா என்று வியந்த மக்கள், அரசியின் மனச்சான்று எத்தகையது என்பதைத் தமக்குத் தெரிந்த வழியில் சொல்லிவைத்தனர்.

தென்னாட்டில் பழைய சாலை எது கண்டாலும் அதனை மங்கம்மாள் போட்டது என்று சொல்வாரும் உண்டு. அவர் போடாத சாலைகளும் அவற்றுள் இருக்கலாம். ஆராய்ச்சியாளர் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். அது அவர் கடமை. ஆனால் பிறர் செய்த நன்மையையும் ஒருவர் பெயரில் மக்கள் எழுதிவைக்கின்றனர் என்றால், அவர் செய்த நன்மை சிறிதாக இருந்திருக்க முடியாது.

நீதி வழங்குவதிலும் அவர் பெயர் பெற்றவர். 1705ஆம் ஆண்டில், மதுரையில் பட்டு நெய்து வாழ்ந்த சௌராட்டிரர்கள் தமக்குரிய சமயச் சடங்கைச் செய்யலாமா என்று வழக்கு எழுந்தது. சடங்கு செய்தவர்களைச் சிலர் பிடித்தும் கொடுத்தனர். மங்கம்மாள் கற்றறிந்தோரைக் கலந்து, நெசவாளர்களுக்கு அவ்வுரிமை உண்டு என்று ஓலையில் தீர்ப்பளித்தார். திருச்சிராப்பள்ளியிலுள்ள நத்தர்வலி தர்காவுக்கும் அவர் நிலம் வழங்கினார். கிறித்தவப் பாதிரிமாரிடமும் பரிவு காட்டினார். தறி நெய்வோரும் வழி நடப்போரும் வேற்றுச் சமயத்தாரும் தம் அரசி என்று சொல்லத்தக்க ஆட்சி அது.

இவ்வளவும் கேட்ட பிறகு, பேச்சில் ஆர்வம் கொண்டுவிட்ட மற்றொரு மாணவன், "ஐயா, அவரைச் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்களாமே, உண்மையா?" என்று கேட்டான்.

அக்கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேரன் வளர்ந்ததும் பாட்டியைச் சிறையிலிட்டான் என்றும், உணவைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, கைக்கு எட்டாமல் செய்தனர் என்றும், அவ்வாறே அவர் உயிர் பிரிந்தது என்றும் மதுரையில் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். இக்கதைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1706ஆம் ஆண்டளவில் அவர் ஆட்சி முடிந்தது; பேரன் பொறுப்பேற்றான்; 1732 வரை ஆண்டான். பட்டினிக் கதையை வரலாறு என்று கொள்வதற்கில்லை. சத்திரம் அமைத்துப் பல்லாயிரவர் பசியை ஆற்றியவர் பசியால் இறந்தார் என்பது நெஞ்சை உருக்கும் கற்பனை. உருக்கும் காரணத்தாலேயே அது நிலைத்துவிட்டது. மாணவர்களாகிய நீங்கள் இவ்வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்: ஓலையும் கல்லும் சொல்வது ஒன்று, ஊர் சொல்வது ஒன்று. இரண்டையும் கேளுங்கள், ஆனால் ஒன்றை மற்றொன்று என்று மயங்காதீர்கள்.

மீண்டும் தமுக்கத்திற்கு வருவோம். நாயக்கர் ஆட்சி முடிந்தபின் இம்மாளிகை கருநாடக நவாபின் கையிலும், பிறகு கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கையிலும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டத் தலைவர்கள் இதனைத் தம் இல்லமாகக் கொண்டனர். அவரவர் வசதிக்கேற்பச் சில பகுதிகளைச் சேர்த்தும் மாற்றியும் கட்டினர். ஆகவே இன்று நாம் காண்பது மங்கம்மாள் கண்ட மாளிகை அப்படியே அன்று. ஆனால் வேறோர் உண்மையும் உண்டு. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய பேரரண்மனையில் இன்று நான்கில் ஒரு பங்கே எஞ்சியிருக்கின்றது. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய சொக்கநாதரே அதில் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்துச் சென்றார். யாருக்கும் பயன்படாத அரண்மனை கற்குவியலாயிற்று. பயன்பட்டுக்கொண்டே இருந்த சிறு மாளிகை பிழைத்தது.

1955இல் அரசாங்கம் இம்மாளிகையையும், இதனைச் சேர்ந்த 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்கு அளித்தது. பழுதுபார்க்கப்பெற்ற மாளிகையை 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். அண்ணலின் நினைவுக்கு மதுரை ஏற்ற இடமே. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், உடுக்கத் துணியின்றி வாடும் ஏழைகளை எண்ணி, மேல்சட்டையைக் களைந்து அரையாடை மட்டும் உடுக்கத் தொடங்கியது இந்த நகரில்தான்.

அந்த அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் நெடுநேரம் மௌனமாக நின்ற இடம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடையின் பகுதி, குருதிக் கறையோடு அங்கே காக்கப்பட்டிருக்கின்றது. யானைகள் ஒன்றையொன்று தாக்குவதைக் கண்டு களிப்பதற்காக அமைந்த மாளிகையில், எவரையும் தாக்காதே என்று சொன்னவரின் ஆடை இன்று இருக்கின்றது. கட்டடங்களுக்கும் ஊழ் உண்டு போலும்; அது எப்போதும் தீயதாகவே இருப்பதில்லை.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகின்றேன். "இங்கே அரசியினுடையது எது?"

நாங்கள் சொன்ன விடை இதுதான். "அம்மா, நீ தேடும் முத்தும் பல்லக்கும் இங்கு இல்லை. அவை இருந்திருந்தாலும் ஒருவருக்கே உரியனவாய் இருந்திருக்கும். வெயிலில் வந்த நமக்கு இந்த வளைவுகள் நிழல் தந்தனவே, அது அவருடையது. நாளை கோயிலில் ஓவியம் காணப்போகின்றாயே, அது அவருடையது. தெற்கே செல்லும் சாலையில் மரநிழலில் நடந்தவர்களும், சத்திரத்துத் திண்ணையில் தலைசாய்த்தவர்களும் அவர் கொடையைப் பெற்றவர்கள். தமக்கென்று வைத்துக்கொண்டவை யாவும் போயின. பிறருக்கென்று செய்தவை நின்றன."

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்படியானால் வாயிலில் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதிவைக்கலாமே ஐயா" என்றாள். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அவள் சொன்னது சரி.

ஊர் திரும்பும் வழியில் ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தந்தார். கம்பைநல்லூரிலும் தேசிநாதேசுவரர் கோயில் என்னும் பழங்கோயில் இருக்கின்றது. அதிலும், ஊரைச் சுற்றியுள்ள ஏரி, குளம், சாலைகளிலும் யார் யார் செய்த நன்மைகள் நிற்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். கேட்டதைக் கேட்டதென்றும், கண்டதைக் கண்டதென்றும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்றார். மதுரைக்குப் போய் வந்ததன் பயன் அந்தக் குறிப்பேட்டில்தான் தொடங்கியது என்று நான் எண்ணுகின்றேன்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் பெயர் மறந்த ஒரு குளமோ, ஒரு சுமைதாங்கிக் கல்லோ இருக்கும். அடுத்த முறை அதனைக் கடக்கும்போது சற்று நில்லுங்கள், "இது யாருடையது?" என்று கேளுங்கள்.